வீட்டுக்கு அடியில் யாருடைய நிலம்?

2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி அதில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்த நாள்களில் ‘நில அமிழ்வு’ என்ற சொல் நம் வீடுகளிலெல்லாம் புழங்கியது. சாலையோர மூடிகளைக் கண்டால் சுற்றிக்கொண்டு போனவர்கள் பலர். பிறகு குழி மூடப்பட்டது, கடைகள் திறந்தன, சொல்லும் மெல்ல மறைந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. நாம் நடக்கும் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் நமக்குச் சொல்லியாக வேண்டுமா?

மஸ்ஜித் இந்தியாவுக்குக் கீழே நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இல்லை. கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைமேல் அமர்ந்திருக்கிறது. அந்தப் பாறையின் கதை வேறு. ஆனால் மேலே உள்ள கேள்வியை நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டு, நீதிமன்றம்வரை போய்ச் சண்டையிட்டு, சட்டமாகவும் எழுதிப் பார்த்தவை நிலக்கரி நாடுகள்தாம். அவற்றின் அனுபவம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை ரவாங் பக்கம் போய்வரலாம்.

ரவாங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத பத்து ஆராங் என்ற ஊரின் பெயருக்கே மலாயில் நிலக்கரி என்றுதான் பொருள். 1915 முதல் 1960 வரை அங்கே மலாயன் கோலியரீஸ் நிறுவனம் கரி வெட்டியது. திறந்தவெளிக் குழிகளும் இருந்தன, நிலத்தடிச் சுரங்கங்களும் இருந்தன. மலாயாவின் ரயில்களும் ஈயச் சுரங்கங்களும் மின்நிலையமும் அந்தக் கரியில்தான் ஓடின. சீனத் தொழிலாளர்களோடு நம் தமிழ்த் தொழிலாளர்களும் அங்கே வியர்வை சிந்தினார்கள். 1937-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் நம் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு முக்கியமான பக்கம். பின்னர் எண்ணெய் வந்தது, கரி போனது, நிறுவனமும் போனது. சுரங்கப் பாதைகள் மட்டும் எங்கும் போகவில்லை.

‘சுரங்கம்’ என்ற சொல்லிலேயே நமக்கு ஒரு சிக்கல் உண்டு. எம்ஆர்டி ஓடும் வழியும் சுரங்கம்தான், கரி வெட்டும் இடமும் சுரங்கம்தான். கோயிலிலிருந்து அரண்மனைக்கு ரகசிய வழி இருந்ததாக ஊர்ப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்களே, அதுவும் சுரங்கம்தான். ஆனால் எம்ஆர்டி சுரங்கம் பல தலைமுறைக்கு நிற்கும்படி கான்கிரீட் வளையங்கள் பொருத்திக் கட்டப்படுவது. கரிச் சுரங்கம் அப்படியன்று. கரியை வெளியே எடுக்கும்வரை கூரை நின்றால் போதும் என்ற கணக்கில் தோண்டப்படுவது அது. அதற்குப் பிறகு கூரைக்கு என்ன ஆகும் என்பதைத் தோண்டியவர் யோசிக்கலாம், யோசிக்காமலும் போகலாம். மேலே குடியிருப்பவர்தான் அதோடு வாழ வேண்டும்.

பழைய முறைக்கு ‘அறையும் தூணும்’ என்று பெயர். கரிப் படிவுக்குள் அறை அறையாக வெட்டிக்கொண்டே போவார்கள். இடையிடையே கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். சில இடங்களில் வேலை முடிந்து திரும்பி வரும்போது அந்தத் தூண்களிலும் முடிந்த அளவு சுரண்டிக்கொள்வார்கள். சுரங்கம் மூடப்பட்டதும் தண்ணீர் புகும், கரித்தூண் உதிரும், கூரைக்கல் பெயர்ந்து விழும். கூரை விழ விழ வெற்றிடம் மேல்நோக்கி ஏறும். சுரங்கம் ஆழத்தில் இருந்தால், உடைந்து விழுந்த கற்கள் முழுப்பாறையைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் ஏற்றம் நடுவழியில் நின்றுவிடும். ஆழம் குறைவென்றால் ஒருநாள் தரையே திறந்துகொள்ளும். அந்த ஒருநாள் எது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2024 டிசம்பரில் நடந்தது இதுதான். தொலைந்துபோன தன் பூனையைத் தேடிச் சென்ற ஒரு மூதாட்டி, பழைய கரிச் சுரங்கத்தின்மேல் திறந்த குழிக்குள் விழுந்து இறந்தார். நான்கு நாள் தேடலுக்குப் பிறகு அவர் உடல் கிடைத்தது. அந்தச் சுரங்கத்தில் கடைசியாக வேலை நடந்தது 1952-இல். எழுபத்திரண்டு ஆண்டு! அவர் காலடியில் இருந்த கூரையைத் தாங்கியது எதுவோ, அது அத்தனை காலம் காத்திருந்து அந்த நாளில் விட்டுக்கொடுத்தது. அந்த மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைவிடப்பட்ட சுரங்கங்களின்மேல் இருப்பதாக அதன் சுற்றுச்சூழல் துறையே சொல்கிறது.

புதிய முறை ‘லாங்வால்’. ஒரு கரிப் பாளத்தை எடுத்துக்கொள்வார்கள். அகலம் சில நூறு மீட்டர், நீளம் சில கிலோமீட்டர். இயந்திரம் அதன் முகத்தை முன்னும் பின்னும் போய்ச் சீவிக்கொண்டே முன்னேறும். மேலே கூரையை வரிசையாக நிற்கும் ஹைட்ராலிக் தாங்கிகள் பிடித்திருக்கும். இயந்திரம் நகர, தாங்கிகளும் நகரும். அவை விட்டு வந்த இடத்தில் கூரை வேண்டுமென்றே விழ விடப்படும். தூண் எதுவும் மிச்சமில்லை. மேலே நிலம் ஓர் அகலமான தட்டுப்போலத் தாழும். பெரும்பாலான தாழ்வு சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிந்துவிடும். எங்கே, எவ்வளவு, எப்போது என்பதைப் பொறியாளர்கள் முன்கூட்டியே ஓரளவு நன்றாகவே கணிக்கிறார்கள்.

முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஏற்கமுடியவில்லை. ஊருக்கு அடியில் வேண்டுமென்றே கூரையைத் தள்ளுவதா? ஆனால் யோசித்துப் பார்த்தால், பெயர் தெரியாத ஒரு நாளுக்காக எழுபது ஆண்டு காத்திருக்கும் குழியைவிட, தேதி சொல்லிவிட்டு இறங்கும் நிலம் மேல். ஒன்றுக்கு ஆயத்தமாகலாம், மற்றொன்றுக்கு முடியாது. நிலக்கரி நிறுவனங்கள் இந்த வாதத்தை முன்வைக்கும்போது அதை வெறும் வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதில் உண்மை இருக்கிறது.

சாலைகளைப் பாருங்கள். 1995 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, அறையும் தூணுமாக வெட்டிக் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்துக்குள் சரிந்தது. நாட்டின் குறுக்கே ஓடும் சாலை அது. மாதக்கணக்கில் அந்தப் பகுதியை மூடிவைத்து, துளையிட்டு, சிமெண்டுக் கலவையை இறக்கி வெற்றிடங்களை நிரப்ப வேண்டியதாயிற்று. அந்தச் சூட்டுக்குப் பிறகுதான் ஒஹாயோ போக்குவரத்துத் துறை தன் சாலைகளுக்கு அடியில் எங்கெங்கே பழைய சுரங்கம் இருக்கிறது என்று கணக்கெடுத்து, ஆபத்தை வரிசைப்படுத்தும் கையேடு ஒன்றை உருவாக்கியது.

அதற்கு நேரெதிர் ஆஸ்திரேலியாவில் நடந்தது. சிட்னியையும் மெல்பர்னையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலைக்கு அடியில், அப்பின் என்ற ஊரருகே, லாங்வால் முறையில் கரி வெட்டினார்கள். மேலே வாகனங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நிலம் தாழும்போது சில இடத்தில் சாலை இழுபடும், சில இடத்தில் நெருக்குண்டு மேடுதட்டும். அதனால் முன்கூட்டியே தார்ப்பரப்பின் குறுக்கே பிளவுகள் அறுத்துவிட்டார்கள். நெருக்கம் வந்தால் அந்தப் பிளவு மூடிக்கொள்ளும், சாலை மேலெழும்பாது. உணர்கருவிகளைப் பதித்துச் சாலையின் அசைவை இடைவிடாமல் அளந்தார்கள். எல்லை மீறினால் யார் யாருக்குச் சொல்வது, எப்போது வேகத்தைக் குறைப்பது, எப்போது தடத்தை மூடுவது என்பதெல்லாம் முதலிலேயே எழுதிவைக்கப்பட்டன. சிவில் பொறியியல் படிக்கும் யாரும் இதை ரசிக்காமல் இருக்க முடியாது. நான் ரசித்தேன்.

ஆனால் ரசித்து முடித்ததும் ஒன்று உறுத்தியது. அந்தச் சாலைக்கு ஏன் இத்தனை மரியாதை? அதன் உரிமையாளர் அரசாங்கம். அரசாங்கத்திடம் பொறியாளர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், அனுமதி தர மறுக்கும் அதிகாரமும் இருக்கிறது. அதே தட்டுக்குள் அகப்படும் ஒரு வீட்டின் உரிமையாளரிடம் என்ன இருக்கிறது? வங்கிக் கடன் இருக்கிறது.

வீட்டைக் காப்பாற்றவும் வழிகள் உண்டு. அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி நில நெருக்கத்தை அதில் வாங்கிக்கொள்ளலாம். சுவர்களை எஃகுக் கம்பியால் கட்டிவைக்கலாம். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி மட்டப்படுத்தலாம். எரிவாயுக் குழாயை வளையக்கூடியதாக மாற்றலாம். தட்டின் நடுவில் இருக்கும் வீடு லிஃப்டில் இறங்குவதுபோல ஒரே சீராக இறங்கிவிடக்கூடும். விளிம்பில் இருக்கும் வீட்டுக்குத்தான் கஷ்டம். அங்கே நிலம் சாய்கிறது, இழுபடுகிறது. சுவர் விரியும், கதவு சட்டத்தில் சிக்கும். கிணறு இருந்தால் பாறை பிளந்து தண்ணீர் இறங்கிப்போகவும் கூடும். யாருடைய வீடு நடுவில், யாருடையது விளிம்பில் என்பதைத் தீர்மானிப்பவர் நிறுவனத்தின் அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். வீட்டுக்காரர் அல்ல.

சட்டத்தில் இதற்கு இடம் கிடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைப் பென்சில்வேனியாவின் கதை சொல்லும். அங்கே ஒரு நிலத்தில் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு. மேற்பரப்பு ஒன்று, கனிமம் ஒன்று. மூன்றாவது, மேற்பரப்பைத் தாங்கிநிற்கும் உரிமை. ஆம், உங்கள் வீடு கீழே விழாமல் இருப்பதே தனியாக வாங்கி விற்கக்கூடிய ஒரு சொத்து! 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரி நிறுவனங்கள் மேற்பரப்பை மட்டும் மக்களுக்கு விற்றன. நிலம் இறங்கினாலும் நஷ்டஈடு கேட்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டன. ஊர்கள் இறங்கத் தொடங்கியதும் 1921-இல் மாநிலம் கோலர் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடியிருக்கும் வீடு தாழும்படி அதன் அடியில் கரி வெட்டக் கூடாது என்றது. மறு ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம், மகோன் என்பவரின் வீடு தொடர்பான வழக்கில், அந்தச் சட்டம் செல்லாது என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹோம்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். தனித்து மறுத்தவர் நீதிபதி பிராண்டைஸ். என்னைக் கேட்டால் நியாயம் பிராண்டைஸ் பக்கம்தான்.

1966-இல் மாநிலம் மீண்டும் முயன்றது. அந்த ஆண்டில் இருந்த வீடுகள், பொதுக் கட்டடங்கள், கல்லறைகள் ஆகியவற்றின் அடியில் பாதிக் கரியையாவது விட்டுவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதுவும் உச்ச நீதிமன்றம் போனது. 1987-இல் 5-க்கு 4 என்ற மயிரிழையில் தப்பியது. ஆனால் 1966-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1994-இல் வந்த திருத்தம் அந்தக் குறையைத் தீர்த்தது, கூடவே இன்னொன்றையும் செய்தது. வீட்டுக்கு அடியில் வெட்டலாம், சேதமானால் பழுதுபார்க்கவோ ஈடு கொடுக்கவோ வேண்டும், கிணறு கெட்டால் மாற்றுத் தண்ணீர் தர வேண்டும் என்றாக்கியது. அதாவது, ‘இறக்காதே’ என்ற சட்டம் ‘இறக்கு, பிறகு சரிசெய்’ என்ற சட்டமானது.

இதில் பெரிய கேள்வி பணம் எவ்வளவு என்பதல்ல. யார் நிரூபிக்க வேண்டும் என்பதுதான். சுவரில் விரிசல் வந்திருக்கிறது. சுரங்கம்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். வீடு பழையது, மண் களிமண், அஸ்திவாரம் சரியில்லை, பக்கத்தில் மரம் இருக்கிறது என்கிறது நிறுவனம். எல்லாமே சாத்தியம்தான். ஆனால் எந்த நாளில் எந்த இடத்தில் எவ்வளவு கரி எடுக்கப்பட்டது என்ற விவரம் ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. நிலவியல் நிபுணரும் அவரிடம்தான் இருக்கிறார். மற்றவரிடம் இருப்பது விரிசல். இந்த இருவரையும் சரிசமமாக நிற்கவைத்து, விரிசல் வைத்திருப்பவரைப் பார்த்து ‘நிரூபி’ என்பது எனக்குச் சமநீதியாகத் தெரியவில்லை.

ஜெர்மனி இதை வேறுவிதமாகப் பார்த்தது. 1980-ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சுரங்கச் சட்டத்தின் 120-ஆவது பிரிவுப்படி, நிலத்தடிச் சுரங்கத்தின் தாக்கம் எட்டும் பகுதிக்குள் ஒரு வீட்டில் அந்த வகைச் சேதம் ஏற்பட்டால், அது சுரங்கத்தால் வந்தது என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்றால் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். பென்சில்வேனியாவிலும் கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. சுவருக்கும் அதைக் கொடுத்தால் என்ன என்பதே என் கேள்வி.

அப்படிச் செய்தால் ஊரில் உள்ள விரிசலெல்லாம் நிறுவனத்தின் தலையில் விழாதா என்று கேட்கலாம். விழும், சில. அதற்கு மருந்தும் கையில் இருக்கிறது. கரி வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டையும் உள்ளும் புறமும் படமெடுத்து, இருக்கும் விரிசல்களை அளந்து, இருவரும் கையெழுத்திட்டுவிட்டால் பழைய விரிசல் எது, புதியது எது என்ற வம்பே இல்லை. ஒரு வீட்டுக்கு அரைநாள் வேலை. நம் ஊரில் பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பும் முன் செய்வதும் இதுதானே.

நிரூபிக்கும் பொறுப்பு இருந்தாலும், நிரூபிக்க வேண்டியவரே இல்லாமல் போனால்? மலாயன் கோலியரீஸ் இன்று எங்கே? கரி நூறாண்டுக்குள் தீர்கிறது, நிறுவனம் அதற்கும் முன்பே கலைகிறது, வெற்றிடம் இருந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் நிறுவனம் உயிரோடு இருக்கும்போதே பணத்தை வாங்கி வைக்க வேண்டும். அமெரிக்கா 1977 முதல் வெட்டப்படும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு கட்டணம் வாங்கி, கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைச் சீரமைக்கும் நிதியில் சேர்க்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் சுரங்க நிறுவனங்களிடம் வாங்கி நிதி வைத்திருக்கிறது. அங்கே வீட்டுக்காரர் தன் புகாரை அரசு அமைப்பிடம் கொடுக்கிறார், நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

ஜெர்மனியின் ரூர் பகுதி இதில் கடைசி எல்லைக்கே போயிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுச் சுரங்கத் தொழிலால் அங்கே சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. ஆறுகள் வழிமாறி நகரங்களுக்குள் தேங்காமல் இருக்க நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிக் கல்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. பம்புகளை நிறுத்த முடியாது. இந்த முடிவில்லாத செலவுக்காகவே 2007-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. ஜெர்மானியர்கள் அதை ‘என்றென்றைக்குமான பணிகள்’ என்றே அழைக்கிறார்கள். அரசாங்கக் கோப்பில் இடம்பெறும் சொற்களில் இத்தனை நேர்மையான சொல்லை நான் பார்த்ததில்லை.

நம்மிடம் வருவோம். மலேசியாவில் நிலப்பட்டா கையில் இருந்தாலும் அடியில் உள்ள கனிமம் நமதல்ல. தேசிய நிலச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி அது மாநில அரசுடையது. சிங்கப்பூரில் 2015-இல் ஒரு கோடு போட்டார்கள்: நிர்ணயிக்கப்பட்ட மட்டத்திலிருந்து 30 மீட்டர் ஆழம்வரை நில உரிமையாளருக்கு, அதற்குக் கீழே அரசுக்கு. இரண்டும் தவறென்று சொல்ல வரவில்லை. ஆனால் கீழே இருப்பது எனதல்ல என்றால், கீழே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் கடமையும் அதை வைத்திருப்பவருக்கு உண்டு என்றுதானே ஆகிறது?

பிரிட்டனில் நாட்டின் நான்கில் ஒரு பங்கு வீடுகளும் வணிகக் கட்டடங்களும் நிலக்கரிப் படிவுப் பகுதிகளில் இருக்கின்றன. அந்தப் பகுதிகளில் வீடு வாங்குபவரின் வழக்கறிஞர், கையெழுத்துக்கு முன்பாகச் சுரங்க அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்குவது வழக்கம். பழைய சுரங்கங்களின் வரைபடத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் ஆட்கள் வீடு வாங்கும்போது வாசல் எந்தத் திசை என்று பார்ப்போம், எதிரே முச்சந்தி இருக்கிறதா என்று பார்ப்போம், பள்ளி எவ்வளவு தூரம் என்று கேட்போம். அடியில் என்ன என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் முகப்பு எது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்து ஆராங்கின் அடியிலும் சுற்றிலும் ஓடும் பாதைகளைப் பற்றி ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவருகிறார்கள். பேச்சில் இருப்பதை வரைபடத்துக்குக் கொண்டுவருவது நடக்கக்கூடிய காரியம். பழைய சுரங்க வரைபடங்களைத் தேடி எடுத்து, இன்றைய வீதி வரைபடத்தின்மேல் பொருத்தி, சந்தேகமான இடங்களில் துளையிட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு அதை ஊரார் தங்கள் கைப்பேசியில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். துளையிடுவது அரசின் வேலை, செலவும் அதனுடையது. முதல் இரண்டு படிகள் ஓர் இறுதியாண்டு ஆய்வுக்கு அளவாக இருக்கும். நிலவியல் மாணவருக்கும் நில அளவை மாணவருக்கும் அதில் வேலை உண்டு. வரலாற்று மாணவர் ஒருவரும் வேண்டும், ஏனென்றால் எந்தப் பாதை எங்கே போனது என்று அப்பா, தாத்தா சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் அந்த ஊரில் இருப்பார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்களிடம் உட்கார்ந்து கேட்க நம்மில் யாராவது போக வேண்டும். அடுத்த பருவ விடுமுறை போதும்.